ஐந்து பத்துக்குக் கூவிய ஆறுமணிக்குருவி

பெட்டியின் தலையில் நாரை எச்சமிட்டிருந்தது. சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக வழிந்து, கண்ணாடிக் கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே காய்ந்து நின்றது.

"இந்தா பாருங்க மேடம், தலையிலயே பேண்டு வச்சிருக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணுமாம் ஒங்க பெட்டிக்கு? நாரை ஆதார் கார்டு கொண்டுட்டு வரணுமோ?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் துரைசிங்கம்.

நிலோபர் சிரிக்கவில்லை. மேலப்பாளையத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தவள்; பறவைகளையும் பூச்சிகளையும் எண்ணும் அந்தப் பெட்டியை வைத்த துறையின் பொறியாளர். பெட்டியின் திரையைத் துடைத்து அவர் பக்கம் திருப்பினாள். செம்மான்குளம், முப்பதாம் நாள். பறவை பதினொன்று. வண்ணத்துப்பூச்சி பூஜ்யம்.

அவர்களுக்குப் பின்னால், குளத்துக்குள் நின்ற கருவேல மரங்களில் நூற்றுக்கணக்கான மஞ்சமூக்கு நாரைகள் குஞ்சு வைத்திருந்தன. குஞ்சுகளின் இரைச்சலில் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

"நான் இல்லன்னு சொல்லலை சார். பெட்டி சொல்லுது."

"ஏன், பெட்டிக்குக் காது குத்தலியோ?"

சற்றுத் தள்ளி நின்ற தங்கபுஷ்பம் அந்தப் பதினொன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் விழும்போது பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்குள் அது நாற்பதாக வேண்டும்.

சட்டம் வந்து ஆறு கோடை ஆகிவிட்டது. பங்குனி பாதியிலிருந்து சித்திரை பாதிவரை ஒரு நீர்நிலையில் பறவையும் வண்ணத்துப்பூச்சியுமாக நாற்பது வகை தென்பட்டால் அது உயிருள்ளது. ஒன்று குறைந்தாலும் உயிரற்றது. உயிரற்ற குளங்களைக் கடற்கரையில் இருக்கும் குடிநீர் ஆலை எடுத்துக்கொள்ளும். கடல்நீரை நன்னீராக்கியபின் மிஞ்சும் உப்புச்சாற்றைக் குழாயில் கொண்டுவந்து அதில் விடும். பக்கத்தில் இரண்டு குளங்கள் அப்படிப் போயின. அவற்றின் கரையில் இப்போது பனைகூட நிற்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போகிறது.

முதல் வருடம் ஊர்க்காரர்கள் எழுதிக்கொடுத்த பட்டியலைத்தான் வாங்கினார்கள். ஓர் ஊர் பென்குவின் வரைக்கும் எழுதிக்கொடுத்தது. அதோடு மனிதர் சொல் செல்லாது என்று ஆனது. பெட்டி கண்டதும் கேட்டதும்தான் கணக்கு. மனிதருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேலை. கடைசி நாள் மாலையில் பொறியாளர் பட்டியலைக் காட்டி 'ஆட்சேபம் உண்டா?' என்று கேட்கும்போது ஊர்ச்சாட்சி பதில் சொல்ல வேண்டும்.

போன வருடம்வரை ஊர்ச்சாட்சி பாக்கியநாதன். தங்கபுஷ்பத்தின் கணவர். சித்திரை ஒன்பதாம் தேதி காலை, இந்தப் பெட்டிக்குப் பத்தடி தள்ளியிருக்கும் பனையோலை மறைப்புக்குள் செத்துக்கிடந்தார். எட்டு மணிக்குக் கஞ்சித் தூக்குடன் போன தங்கபுஷ்பம்தான் பார்த்தாள். இளவயதில் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்ததில் வந்த மூச்சிளைப்பு. "நொடியில போயிருப்பாருமா, கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார் டாக்டர். தங்கபுஷ்பம் அதை நம்பினாள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. யாராவது தண்ணீரில் விழுந்து கத்தினால் எரியும், சங்கு ஊதும். அன்றைக்கு அது எரியவில்லை. எறும்பு ஊர்வதைக் கேட்கும் பெட்டி அவர் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்காதா?

ஊரின் கிளை நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள். பெயர்களைத் தப்பில்லாமல் எழுதுவாள் என்று சொல்லி இந்த வருடம் சாட்சியாக்கிவிட்டார்கள்.

"மைனி, நீங்களாவது சொல்லுங்க," என்றார் துரைசிங்கம் அவள் பக்கம் திரும்பி. "நேத்துக் கரண்டிவாயன் வந்துச்சா இல்லியா?"

"ஏழு வந்துச்சு."

"கேட்டியளா மேடம்? ஏழு!"

"நானும் பாத்தேன் சார். நான் பாத்தது செல்லாது," என்றாள் நிலோபர். குரல் தழைந்தது. "இந்தக் குளத்துப் பறவைகளப் பெட்டிக்குப் படிச்சுக்கொடுத்ததே பாக்கியண்ணன்தான். மூணு வருசம் இங்க உக்காந்து பதிவு பண்ணிக் கொடுத்தாங்க. அவங்க இருந்த வருசம் அம்பத்தெட்டு காட்டுச்சு. இப்ப பதினொண்ணுன்னா, பறவை போயிருச்சுன்னுதான் மேல எடுத்துக்குவாங்க."

துரைசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். "அந்தாளு போனதும் பறவையும் கூடவே போயிருச்சாக்கும்? நல்ல கத," என்று சொல்லிவிட்டு, ஆட்களிடம் மனுவில் கையெழுத்து வாங்கப் போனார்.

பன்னிரண்டு மணி வெயில். தங்கபுஷ்பம் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். பாக்கியநாதனின் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. பிறகு அதன் ஒரு முனையை மட்டும் குளத்தில் முக்கிப் பெட்டியின் தலையில் இருந்த எச்சத்தைத் துடைத்தாள். துறைக்குப் போகிற பெட்டி சுத்தமாகவாவது போகட்டும் என்று நினைத்தாள். கண்ணுக்கு முன்னால் ஈரமண்ணில் துண்டை விரித்துப் போட்டுவிட்டு நிழலுக்கு வந்தாள்.

பத்து நிமிடம் இருக்கும். பெட்டி 'டிங்' என்றது.

நிலோபர் நிமிர்ந்தாள். திரையில், வண்ணத்துப்பூச்சி ஒன்று. வெந்தய வரியன்.

துண்டின் வியர்வை உப்பை உறிஞ்ச நாலைந்து பூச்சிகள் இறங்கியிருந்தன. மறுபடி 'டிங்'. நீலப்புலி. மறுபடியும். கொன்னை வெள்ளையன்.

"காலையிலேந்து இந்தச் சேத்துல நூறு பூச்சி ஒக்காந்திருக்கு," என்றாள் நிலோபர் மெதுவாக. "அதெல்லாம் கண்ணுக்குத் தெரியல, இது தெரியுதா?" எழுந்து போய்த் துண்டை எடுத்தாள். பூச்சிகள் கலைந்து மண்ணிலேயே உட்கார்ந்தன. பெட்டி வாயைத் திறக்கவில்லை. துண்டை மறுபடி விரித்தாள். எலுமிச்சை அழகி ஒன்று வந்து உட்கார்ந்தது. 'டிங்'.

துண்டைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். "அக்கா, அண்ணன் பூச்சியெல்லாம் எப்படிப் படம் எடுத்தாங்க?"

"எப்படின்னா? வேர்த்த துண்ட இப்படித்தான் விரிச்சுப் போடுவாவ. வந்து ஒக்காந்ததும் எடுப்பாவ. பூச்சி பின்னால ஓடுனா மூச்சு வாங்கும்லா."

"எல்லாப் படமும் இந்தத் துண்டுலயா?"

"வேற ஏது துண்டு? ரெண்டு வச்சிருந்தாவ. ரெண்டும் ஒரே கட்டம்."

நிலோபர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பெட்டி பூச்சியப் படிக்கலக்கா. துண்டப் படிச்சிருக்கு. கட்டம் போட்ட துணிமேல ரெக்கை இருந்தாத்தான் அதுக்குப் பட்டாம்பூச்சி. அவங்க இருக்கவரைக்கும் தெனம் துண்டு இருந்துச்சு. நம்ம யாருக்கும் தெரியல."

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப பறவைக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் பெட்டியின் காதைப் பார்த்தார்கள்.

மூன்று மணிக்குள் துண்டு பன்னிரண்டு பூச்சிகளைக் கொடுத்தது. பதினொன்று இருபத்துமூன்றானது. வேப்பமரத்தடியில் நிலோபர் மடிக்கணினியைத் திறந்து பாக்கியநாதனின் பழைய பதிவுகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு போட்டுக் காட்டணும். கேட்டுக்கிடுவீங்களா?"

"போடு."

பெட்டிக்குக் கேட்காதபடி நிலோபர் இயர்போனை அவள் காதில் மாட்டிவிட்டாள். முதலில் வந்தது காற்று. பிறகு, ஒரு மூச்சு. மார்புக்குள் குழல் வைத்ததுபோல மெலிதாக விசிலடித்து இழுத்து, தேங்கி, விட்டது. அதற்குப் பிறகே மாங்குயில் கூவியது. அடுத்த பதிவில் மூச்சு, அரிவாள் மூக்கன். மூச்சு, பஞ்சுருட்டான். மூச்சு, முக்குளிப்பான். பறவை கூவப்போகிறது என்று தெரிந்ததும் அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். அந்த இழுப்பு ஒவ்வொன்றிலும் இருந்தது.

தங்கபுஷ்பம் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு அது.

"காக்கா, மைனாவெல்லாம் வேற ஊர்க்காரங்க பதிவுலயும் உண்டு. அதான் பதினொண்ணாவது வந்துச்சு," என்றாள் நிலோபர். "மத்ததெல்லாம் அண்ணன் மட்டும் கொடுத்தது. அந்த மூச்சு கேக்காம பறவை கத்துனா பெட்டிக்கு அது பறவை இல்ல."

"இதையே பெட்டிக்கிட்ட போட்டுக் காட்டுனா?"

"ஸ்பீக்கர் சத்தத்தக் கண்டுபிடிச்சு மொத்தப் பட்டியலையும் தள்ளிரும். மயில் அகவுறத செல்போன்ல போட்டு ஒரு ஊரே மாட்டிக்கிட்டது. உசிருள்ள மூச்சா இருக்கணும்." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரிப்போர்ட் எழுதலாம். அத மேல படிச்சுப் பாக்க ரெண்டு மாசம் ஆகும். குழாய் அடுத்த வாரம் வந்துரும்."

தங்கபுஷ்பம் கரையில் இறங்கி நடந்தாள். ஒரு வருடமாக நுழையாத பனையோலை மறைப்புக்குள் குனிந்து போனாள். அவர் உட்காரும் பலகை அப்படியே கிடந்தது. அதில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

முதலில் வரவில்லை. தொண்டையைக் குறுக்கி, வயிற்றை இறுக்கி, காற்றை நூல்போல இழுத்தாள். பின்மழைக்காலத்துப் பின்னிரவுகளில், அவர் முதுகைத் தடவிக்கொண்டே அறியாமல் தானும் அதே தாளத்தில் மூச்சுவிட்டிருக்கிறாள். உடம்பு மறந்திருக்கவில்லை. ஐந்தாவது இழுப்பில் அது வந்தது. ஓலைக்கு வெளியே நாரைக்குஞ்சுகள் அலறின.

'டிங்'.

"நாரை!" என்று நிலோபர் கத்தினாள். "அக்கா, நாரை வந்துருச்சு!"

மனுவோடு திரும்பி வந்த துரைசிங்கம் கரையில் நின்று வாயைப் பிளந்தார். "மைனிக்கு என்ன செய்யுது? ஆட்டோ சொல்லட்டா?"

"சும்மா நில்லுங்க சார். பேசாதீங்க."

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் தங்கபுஷ்பம் மறைப்புக்குள் கணவனின் மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். கரண்டிவாயன் வந்தது. ஆள்காட்டி, தையல்சிட்டு, பனை உழவாரன். ஒவ்வொன்றும் ஏற்கெனவே அங்கே இருந்தது. பெட்டி இப்போதுதான் ஒப்புக்கொண்டது. தலை சுற்றியது. விரல்கள் மரத்தன. முப்பதில் நிலோபர் தண்ணீர் கொண்டுவந்தாள். முப்பத்தைந்தில் "போதும்க்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்று கெஞ்சினாள். ஆறு மணிக்குச் சற்று முன்னால், பறந்துபோன ஒரு கௌதாரியோடு எண்ணிக்கை முப்பத்தொன்பதில் நின்றது.

சூரியன் விழ அரை மணி இருந்தது. அன்றைக்குக் குளத்தில் இருந்த எல்லாம் எண்ணப்பட்டுவிட்டன. மிச்சம் ஒன்றுதான். ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் தாழம்புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் சீட்டியடிக்கும். வெயில் ஏறினால் வடக்கே போய்விடும். ஐந்து நாளாக அதன் சத்தம் இல்லை என்பது தங்கபுஷ்பத்துக்குத் தெரியும்.

ஆறடித்தது. தாழம்புதர் அசையவில்லை. ஆறு ஐந்து. துரைசிங்கம் கைகூப்பிக்கொண்டு நின்றார். தங்கபுஷ்பத்துக்கு இப்போது நடிக்க வேண்டியிருக்கவில்லை. நெஞ்சு நிஜமாகவே அடைத்தது. காற்று விசிலடித்து உள்ளே போனது, விசிலடித்து வெளியே வந்தது. இரண்டு சுரம்.

'டிங்'.

"ஆறுமணிக்குருவி! நாப்பது!" துரைசிங்கம் தன் தோள்துண்டை ஆகாசத்தில் எறிந்துவிட்டு, ஊருக்குச் சொல்ல ஓடினார்.

நிலோபர் அசையவில்லை. தங்கபுஷ்பம் ஓலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"குருவி கத்தலியே," என்றாள் தங்கபுஷ்பம்.

"இல்லக்கா."

"பின்ன?"

"அந்தக் குருவியப் பதிவு பண்ண அண்ணன் எப்பமும் விடியக்காலமும் அந்தியுமா வந்திருக்காங்க. குளிர் நேரம். மூச்சு ரொம்ப மோசமா இருந்திருக்கும். அதுவே ரெண்டு சுரத்துல சீட்டியடிச்சிருக்கும். மோசமான மூச்சையே பெட்டி குருவின்னு..." நிலோபர் சட்டென்று நிறுத்தினாள். தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

தங்கபுஷ்பத்துக்கும் புரிந்தது. நூலகச் சுவரில் ஒரு கேடயம் தொங்குகிறது. போன வருடம் துறை கொடுத்தது. ஒரே காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஆறுமணிக்குருவியின் குரல், மாவட்டத்திலேயே அதிகம். கேடயம் வாங்கும்போது ஊரே கைதட்டியது. தேதி அவளுக்கு மனப்பாடம். அவர் போன நாளில் குருவிகள் வந்து வழியனுப்பின என்று சொல்லி அழுதவள் அவள்தான்.

"அந்தக் காலையில எத்தன மணிக்குன்னு பாரு."

"வேண்டாம்க்கா."

"பாரு புள்ள."

நிலோபர் தேடினாள். "அஞ்சு பத்துலேருந்து அஞ்சு அம்பத்தாறு வரைக்கும்."

"ஆறுமணிக்குருவி அஞ்சு பத்துக்கா கத்தும்?"

நிலோபர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாற்பத்தாறு நிமிடம். டாக்டர் நொடி என்றார். பெட்டி பத்தடி தூரத்தில் நின்று ஒவ்வொரு மூச்சையும் கேட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவி எழுதியிருக்கிறது. குருவிக்குச் சிவப்பு விளக்கு எரியாது. கூப்பிடக் குரல் எழும்பாதவருக்கு இருந்தது மூச்சு மட்டும்தான். நாற்பத்தாறு நிமிடம் போதும், வீட்டிலிருந்து நாலு தடவை ஓடிவந்து திரும்பலாம்.

"அந்தப் பதிவு இருக்கா?"

"இருக்கு."

"கடைசியப் போடு."

குளத்தின் மேல் வெளிச்சம் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பூட்டிக்கொள்ளப் பதினெட்டு நிமிடம் இருந்தது. ஆளுக்கொரு காதில் மாட்டிய இயர்போனில் அவர் மூச்சு வந்தது. நீளமான இடைவெளி. ஒன்று. இன்னும் நீளமான இடைவெளி. இன்னொன்று. பிறகு இல்லை. நிலோபர் நிறுத்தக் கை நீட்டினாள். தங்கபுஷ்பம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காற்று. ஓலை உரசல். தூரத்தில் ஒரு தவளை. நாலு நிமிடம் அப்படிப் போனது.

பிறகு, மிக அருகில், தாழம்புதருக்குள்ளிருந்து தெளிவாக இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி.

ஒரே ஒரு முறை. நிலோபர் நேரத்தைப் பார்த்தாள். சரியாக ஆறு. பட்டியலைப் பார்த்தாள். அந்த நேரத்துக்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை. மூச்சு இல்லாததால் பெட்டிக்கு அது பறவையே இல்லை.

நிலோபர் மடிக்கணினியை மூடினாள். "அக்கா, நாப்பதாவது பொய். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சா நான் அதப் பட்டியல்லேருந்து அடிக்கணும். நீங்க ஆட்சேபம் சொன்னாலும் அடிக்கணும்."

"அடிச்சா?"

"முப்பத்தொம்பது."

கரைக்கு அப்பால் ஊரில் வெடி வெடித்தார்கள். துரைசிங்கத்தின் வேலையாக இருக்கும். நாரைகள் எழுந்து ஒரு வட்டம் போட்டு மறுபடி குஞ்சுகளின்மேல் இறங்கின.

"போன வருசம் இருநூத்திப் பன்னெண்டு எழுதினிய. அதுல ஒண்ணுகூட குருவி இல்ல," என்றாள் தங்கபுஷ்பம். "நெசமாக் கத்துனத விட்டுட்டிய. விட்டுப்போன அந்த ஒண்ண இங்க எழுதிக்க."

"அது இந்த வருசம் இல்லியேக்கா."

"இல்லதான்."

நிலோபர் குளத்தைப் பார்த்தாள். முக்குளிப்பான் ஒன்று முங்கி, எதிர்பாராத இடத்தில் எழுந்தது. அவள் திரையை நீட்டினாள். விதிப்படி கேட்க வேண்டிய வார்த்தைகளைக் கேட்டாள்.

"செம்மான்குளம். நாற்பது வகை. ஊர்ச்சாட்சிக்கு ஆட்சேபம் உண்டா?"

"இல்ல."

பெட்டி பூட்டிக்கொண்டது. திரையில் 'உயிருள்ளது' என்று வந்து அணைந்தது.

கரையேறும்போது நிலோபர் கேட்டாள். "அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

"அடிச்சிருன்னு சொல்லியிருப்பாவ," என்றாள் தங்கபுஷ்பம். "கேக்காத பறவைய ஒருநாளும் எழுத மாட்டாவ."

வீட்டில் விளக்குப் போட்டதும் அவருடைய நோட்டை எடுத்தாள். தேதி, நேரம், பறவை, எத்தனை, கேட்டது யார் என்று ஐந்து கட்டம் போட்ட நீள நோட்டு. கடைசிக் கட்டத்தில் பக்கம் பக்கமாக 'பா' என்று ஒற்றை எழுத்து. எழுத்து நின்ற இடம் சித்திரை எட்டு. அதற்குக் கீழே அவள் எழுதினாள். சித்திரை ஒன்பது. காலை ஆறு. ஆறுமணிக்குருவி. ஒன்று.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. மூச்சு நின்றதற்கும் சீட்டிக்கும் நடுவே நாலு நிமிடம். காது எப்போது அணையும் என்று எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை.

'பா' என்று எழுதி நோட்டை மூடினாள்.